சார்வு ஆகவில்லை

அப்பா தன் வாழ்நாளில் ஒரே ஒருவர் மேல்தான் வழக்குப் போட்டார். பணம் யாருக்குச் சேர வேண்டும் என்பதில் அந்த வழக்கில் யாருக்கும் பெரிய சந்தேகம் இல்லை. புரோநோட்டு இருந்தது, ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் ஏறி இறங்கிய கையெழுத்து இருந்தது, சாட்சிக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரும் உயிரோடு இருந்தார்கள். நாங்கள் பதினான்கு மாதம் அலைந்தது வேறு ஒன்றுக்காக. உங்கள் மேல் வழக்குப் போட்டிருக்கிறோம், இன்ன தேதிக்கு வாருங்கள் என்று எழுதிய ஒரு தாளை எதிராளி வீட்டில் சேர்ப்பதற்காக.

எங்கள் ஊர் பண்ருட்டி. எதிராளியின் பெயர் வேண்டாம், முந்திரிக்காரர் என்றே சொல்கிறேன். கொட்டை உடைக்கும் பட்டறை வைத்திருந்தார். 2019 ஆவணியில் அப்பாவிடம் 3,50,000 ரூபாய் கைமாற்றாக வாங்கினார். அது அப்பாவின் ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதி. அப்பா முப்பது வருடம் கணக்கு வாத்தியார். முந்திரிக்காரரின் மனைவி அவரிடம் பத்தாவது படித்தவர். அந்த உறவில்தான் பணம் போனது. மறு வருடம் கொரோனா வந்தது. அந்த இரண்டு வருடத்துக்கு அவரைக் குறை சொல்ல மாட்டேன், பட்டறைக்கே பூட்டுத்தான். ஆனால் 2021 கடைசியில் வீட்டுக்கு மாடி எடுத்தார். அப்பாவுக்கு வலித்தது அங்கேதான்.

முதலில் வக்கீல் நோட்டீஸ். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம். பத்து நாள் கழித்து அதே கவர் எங்கள் வக்கீல் அலுவலகத்துக்கே திரும்பி வந்தது. பின்பக்கம் தபால்காரர் நீலப் பேனாவில் நான்கு தேதிகளைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'டோர் லாக்டு, இன்டிமேஷன்' என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு முத்திரை: 'அன்கிளெய்ம்டு'. அப்பா கவரின் ஓரத்தைக் கிழிக்கப் போனார். வக்கீல் குமாஸ்தா பாய்ந்து பிடுங்கிக்கொண்டார்.

"சார், இதைப் பிரிச்சா போச்சு. இப்படியே ஒட்டினபடி கோர்ட்ல போய் நிக்கணும். இது வெறும் கவர் இல்ல, சாட்சி."

உண்மைதான். 1897-ஆம் வருடத்துப் பொது வாசகங்கள் சட்டத்தில் 27-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சரியான முகவரி எழுதி, தபால் கட்டணம் கட்டி, பதிவுத் தபாலில் போட்டுவிட்டால், மாறாக நிரூபிக்கும் வரை அது போய்ச் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்ளலாம். செக் மோசடி வழக்குகள் பாதி இதை நம்பித்தான் ஓடுகின்றன. கேரளத்திலிருந்து போன ஒரு செக் வழக்கில் 2007-ல் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கிக் கட்டியது. நோட்டீஸே வரவில்லை என்கிறாயா, சரி, கோர்ட் சம்மன் கிடைத்த பதினைந்து நாளுக்குள் செக் பணத்தைக் கட்டிவிடு; அதையும் செய்யாதவன் நோட்டீஸ் வரவில்லை என்று பேச முடியாது என்றது. எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு இது. பொய் சொல்கிறாய் என்று யாரையும் சொல்லவில்லை. நீ சொல்வது உண்மையாகவே இருக்கட்டும், இப்போது தெரிந்துவிட்டதே, கட்டு என்கிறது.

ஆனால் எங்களுடையது செக் இல்லை, புரோநோட்டு. நோட்டீஸ் திரும்பியது பற்றி யாரும் கவலைப்படவில்லை. 2022-ல் முன்சீப் கோர்ட்டில் பிராது போட்டோம். இனி சம்மன் போக வேண்டும். சம்மன் கோர்ட்டின் பெயரில் போகிறது என்பதால் அதன் சடங்குகளும் அதிகம்.

நீதிமன்றத் தமிழில் இதற்கு 'சார்வு' என்று ஒரு சொல் உண்டு. சம்மன் சார்வு ஆனது, சார்வு ஆகவில்லை. சார்பு என்றும் எழுதுகிறார்கள். பள்ளிக்கூடத் தமிழில் நான் பார்த்திராத இந்தச் சொல்லை அந்த வருடத்தில் ஆயிரம் முறையாவது கேட்டிருப்பேன். வழக்கின் முதல் நான்கு வாய்தாக்களிலும் ஒரே குறிப்புதான்: பிரதிவாதிக்குச் சம்மன் சார்வு ஆகவில்லை, மறு சம்மன், பேட்டா கட்ட. பேட்டா என்பது சம்மன் கொண்டுபோகும் செலவுக்காக வாதி கட்டும் பணம். அதைக் கட்டாமல் விட்டாலும் வழக்கு தள்ளுபடி ஆகலாம், சம்மன் திரும்பிய ஏழு நாளுக்குள் புதுச் சம்மனுக்கு மனுப் போடாவிட்டாலும் தள்ளுபடி ஆகலாம். ஒளிந்துகொண்டிருப்பவர் அவர். கண் அயர்ந்தால் போவது நம் வழக்கு. அப்பா காலண்டரில் தேதிகளைச் சிவப்பு மையில் வட்டம் போட ஆரம்பித்தார்.

சம்மன் கொண்டுபோகிறவரை ஊரில் அமீனா என்பார்கள். ஜப்திக்கு வருகிறவரும் அவரேதான் என்பதால் அந்தப் பெயரில் ஒரு பயம் ஒட்டியிருக்கும். எங்கள் அமீனா யாரையும் பயமுறுத்தக்கூடியவராகத் தெரியவில்லை. ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம். மூட்டு வலி. தோளில் ஒரு ஜவுளிக்கடைத் துணிப்பை. அதற்குள் அன்றைய சம்மன்கள், ஸ்டாம்ப் பேட், பசை டப்பா, செல்லோ டேப்.

"பசை மழைக்கு நிக்காது. டேப்பு தூசிக் கதவுல ஒட்டாது. ரெண்டும் வச்சுக்கணும் தம்பி" என்றார்.

வீட்டை அடையாளம் காட்ட வாதி தரப்பில் ஒரு ஆள் போக வேண்டும். அப்பாவை அந்த வாசலில் போய் நிறுத்த எனக்கு மனமில்லை. ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அமீனாவை என் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனேன்.

கேட்டைத் திறந்தது ஒரு சிறுமி. நாங்கள் வாயைத் திறப்பதற்குள் "அப்பா ஊர்ல இல்ல" என்றாள்.

"எங்க போயிருக்காரு பாப்பா?"

"தெரியாது."

"எப்ப வருவாரு?"

"தெரியாது."

"நீ என்ன படிக்கிற?"

இந்தக் கேள்விக்கு மட்டும் அவளுக்கு யாரும் பதில் சொல்லித் தந்திருக்கவில்லை. ஒரு நொடி முழித்தாள். "ஏழாவது."

அமீனா சம்மனைத் திரும்பப் பைக்குள் வைத்தார். பிரதிவாதி வீட்டில் இல்லை, சீக்கிரம் கிடைக்கும் வாய்ப்பும் இல்லை என்றால் அவரோடு வசிக்கும் குடும்பத்தினர் யாரிடமாவது கொடுக்கலாம். ஆனால் வயது வந்தவராக இருக்க வேண்டும். வேலையாளிடம் கொடுத்தால் செல்லாது, வேலைக்காரர் குடும்பத்தினர் ஆகமாட்டார் என்று விதியிலேயே விளக்கம் போட்டிருக்கிறார்கள். ஏழாவது படிக்கும் பிள்ளை தலையாட்டி அனுப்பலாமே தவிர, சம்மன் வாங்க முடியாது.

போர்ட்டிகோவில் முந்திரிக்காரரின் பைக் நின்றது. வெளியே வரும்போது அமீனா சற்றுக் குனிந்து சைலன்சரில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சட்டென்று எடுத்தார். "சுடுது" என்றார்.

பிறகு என் பைக் சீட்டின் மேல் தாளை வைத்து எழுதினார். நான் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன். 'மேற்படி பிரதிவாதியின் வீட்டிற்கு நேரில் சென்று விசாரிக்க, பிரதிவாதி வெளியூர் சென்றிருப்பதாகவும், திரும்பி வரும் நாள் தெரியாது எனவும் பிரதிவாதியின் மைனர் மகள் கூறியபடியால், சம்மன் சார்வு செய்ய இயலவில்லை என்பதைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.'

"சைலன்சர் சுட்டதை எழுதலையா?"

"சைலன்சர் வந்து சாட்சி சொல்லாது தம்பி."

அடுத்த முறை பட்டறைக்குப் போனோம். வறுத்த கொட்டையின் எண்ணெய் நெடி தெருமுனையிலேயே வந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் தரையில் உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தார்கள், கையெல்லாம் கறுப்பு. மேஸ்திரி எழுந்து வந்து, முதலாளி கொட்டை எடுக்கத் தூத்துக்குடி போயிருக்கிறார் என்றார். சொல்லும்போது பின்பக்கக் கதவை ஒருமுறை பார்த்தார். உடைத்துக்கொண்டிருந்த பெண்களும் பார்த்தார்கள். ஒரு அம்மா சிரிப்பை முந்தானையில் துடைத்துக்கொண்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

சம்மனை வாங்கினால்தான் கேஸ், வாங்காவிட்டால் ஒன்றும் இல்லை என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. படித்தவர்களிடமும் இருக்கிறது. வங்கி அதிகாரி ஒருவர் எனக்கே யோசனை சொல்லியிருக்கிறார்: "எந்தக் கவரா இருந்தாலும் கையெழுத்துப் போட்டுடாதீங்க." இந்த நம்பிக்கை முழுப் பொய்யும் இல்லை. வாங்காமல் இருந்தால் காலம் கிடைக்கும். ஒரு வருடம், இரண்டு வருடம். கடனாளிக்குக் காலம் என்பது பணம். ஆனால் அந்தக் காலத்தில் வாசலுக்கு யார் வருகிறார்கள், அவர்களுக்கு யார் பதில் சொல்கிறார்கள் என்பதை மட்டும் இந்த யோசனை சொல்பவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. மேஸ்திரி சொல்லியாக வேண்டும். தபால்காரரிடம் மனைவி சொல்லியாக வேண்டும். ஏழாவது படிக்கும் பிள்ளை தூக்கக் கலக்கத்தில் எழுந்து வந்து சொல்லியாக வேண்டும்.

மூன்றாவது தடவை அவர் மனைவி வந்தார். மாலை நேரம், விளக்கு ஏற்றிவிட்டு அப்போதுதான் வெளியே வந்தவர் போலிருந்தது. அமீனாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"நீங்க சார் பையன்தானே?"

"ஆமாங்க்கா."

"சார் நல்லா இருக்காங்களா? கண் ஆபரேஷன் பண்ணதா சொன்னாங்க."

நல்லா இருக்கார் என்றேன். அமீனா தொண்டையைச் செருமிக்கொண்டு சம்மனை நீட்டினார். "அம்மா, நீங்க வாங்கிக் கையெழுத்துப் போட்டாப் போதும். வேற ஒண்ணும் இல்ல."

அவர் கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டார். "வாங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காருங்க. வாங்கினா அப்புறம் நான் இந்த வீட்ல இருக்க முடியாது."

அவர் வாங்கியிருந்தால் செல்லுமா? செல்லும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஒரு காலம் வரை ஆண் என்றுதான் இருந்தது. 1976 திருத்தத்தில் ஆணோ பெண்ணோ வயது வந்த யாராக இருந்தாலும் சரி என்று மாற்றினார்கள். கிரிமினல் வழக்குகளுக்கான சட்டம் மட்டும் மாறாமல் கிடந்தது. அங்கே குடும்பத்தில் 'வயது வந்த ஆண்' வாங்க வேண்டும். ரேஷன் கார்டில் குடும்பத் தலைவி, பஞ்சாயத்தில் தலைவி, ஆனால் வீட்டுக்காரர் பெயருக்கு வந்த சம்மனை வாங்கும் தகுதி மட்டும் கிடையாது. 2024 ஜூலை 1-ல் புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதுதான் அந்த 'ஆண்' என்ற சொல் போனது. சமத்துவம் என்று பார்த்தால் நல்லதுதான். எனக்கு அந்த அக்காவின் முகம்தான் ஞாபகம் வருகிறது. வாங்கினால் வீட்டுக்காரரிடம் பதில் சொல்ல வேண்டும், வாங்காவிட்டால் கோர்ட் ஆளிடம்.

வாங்க மறுத்தால் ஒட்டிவிடலாம். வக்கீல்கள் இதை ஆர்டர் 5 ரூல் 17 என்பார்கள். வெளிக்கதவிலோ, வீட்டின் எல்லாருக்கும் தெரியும் இடத்திலோ சம்மனின் நகலை ஒட்ட வேண்டும். எப்போது ஒட்டினேன், எந்தச் சூழ்நிலையில் ஒட்டினேன், வீட்டை அடையாளம் காட்டியது யார், யார் முன்னிலையில் ஒட்டினேன் என்று பெயர் முகவரியோடு எழுதிக் கோர்ட்டில் சமர்ப்பிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் நீதிபதி அமீனாவைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கலாம். இவ்வளவு கெடுபிடி ஏன் என்றால், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே ஒட்டியதாக எழுதித் தந்த கதைகள் நாட்டில் நிறைய. இப்போது என்ஸ்டெப் என்று ஒரு செயலியைக் கோர்ட் ஊழியர்களின் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எந்த இடத்தில் நின்று எப்போது படம் எடுத்தோம் என்பது அதில் ஏறிவிடும். எங்கள் அமீனாவுக்கு அதில் ஒரே குறை, சிக்னல் கிடைக்க மொட்டை மாடிக்கு ஏற வேண்டியிருக்கிறது என்பதுதான்.

ஒட்டுவதற்குச் சாட்சி தேடினோம். வாதியின் மகன் நான் சாட்சி போட்டால் நன்றாக இருக்காது. எதிர்வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். மளிகைக்கடைக்காரர், எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றார், முன்னால் கணக்கு நோட்டு விரிந்து கிடந்தது. கடைசியில் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் கரியை ஒதுக்கிவிட்டு வந்தார். "நான் போடறேன் சார். தேய்ச்ச சட்டைக்கே மூணு மாசமா காசு வரல."

கேட் நீல நிறம். எலுமிச்சையும் மிளகாயும் கோத்த கயிறு ஒன்று தொங்கியது. அதற்குக் கீழே அமீனா பசை தடவி, தாளை ஒட்டி, நான்கு மூலையிலும் டேப் போட்டு, உள்ளங்கையால் இரண்டு முறை அழுத்தினார். பையிலிருந்து போனை எடுத்துத் தள்ளி நின்று படம் பிடித்தார். மாடி ஜன்னலில் அந்தச் சிறுமி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அமீனா அவளைப் பார்த்து, போய்ப் படி என்பது போலக் கையை ஆட்டினார்.

மறுநாள் அந்தப் பக்கம் போனேன். தாள் இல்லை. டேப் போட்ட நான்கு மூலைத் துணுக்குகள் மட்டும் கேட்டில் இருந்தன.

இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் நீதிபதி கவனமானவர், பேப்பரில் விளம்பரமும் கொடுத்துவிடுங்கள் என்றார். ஒருவர் வேண்டுமென்றே மறைந்து திரிகிறார் என்று கோர்ட்டுக்குத் தோன்றினால் மாற்று வழிச் சார்வுக்கு உத்தரவிடலாம். கோர்ட் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது, கடைசியாக வசித்த வீட்டில் ஒட்டுவது, அந்தப் பகுதியில் ஓடும் தினசரியில் போடுவது. இப்படிச் செய்தால் கையில் கொடுத்ததற்குச் சமம். எல்லாரும் பார்த்திருப்போம், நாளிதழின் உள்பக்கத்தில் வரன் விளம்பரங்களுக்குப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் வரும் கட்டங்கள். 'இதனால் உங்களுக்கு அறிவிப்பது என்னவென்றால், வாதி உங்கள் பேரில் தாக்கல் செய்துள்ள மேற்படி அசல் வழக்கு, மேற்படி தேதியில் விசாரணைக்கு வருகிறபடியால், அன்று காலை 10.30 மணிக்கு நேரிலோ வழக்கறிஞர் மூலமாகவோ ஆஜராகி உங்கள் ஆட்சேபணையைத் தெரிவிக்க வேண்டியது. தவறினால் ஒருதலைப்பட்சமாகத் தீர்மானிக்கப்படும்.'

விளம்பரத்துக்கு அப்பாவின் பென்ஷனில் நல்ல ஒரு துண்டு போயிற்று. வெளிவந்த அன்று காலையில் ஐந்து பிரதிகள் வாங்கி வந்தேன். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். "என் பேரையும் போட்டிருக்காங்களேடா" என்றார். வாதியின் பெயர் இல்லாமல் எப்படிப் போடுவார்கள்? அன்று முழுவதும் வெளியே போகவில்லை. கடன் வாங்கியவர் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார், கொடுத்தவர் வீட்டுக்குள் இருந்தார். கிராமங்களில் இப்படிப்பட்ட செய்திகளுக்கு ஒரு காலத்தில் தண்டோரா போட்டார்கள். சொத்து ஜப்தியைப் பறையடித்து அறிவிக்கலாம் என்று 1908-ஆம் வருடத்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் இன்னும் இருக்கிறது. தமிழ்நாட்டில் தண்டோரா வேண்டாம் என்று 2022-ல் அரசே நிறுத்தியது, நிறுத்தியதும் சரிதான். ஒரு மனிதரை அடிக்க வைத்து இன்னொரு மனிதரை அவமானப்படுத்தும் ஏற்பாடு அது.

பேப்பர் விளம்பரத்தில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. தெரிந்தே ஒளிகிறவர் மேலும், உண்மையிலேயே தெரியாதவர் மேலும் அது ஒரே மாதிரிதான் பாய்கிறது. என் சித்தப்பா நண்பர் ஒருவருக்காக ஒரு சீட்டுக் கம்பெனியில் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். அப்புறம் மாற்றல் ஆகி ஓசூர் போய்விட்டார். சம்மன் பழைய வாடகை வீட்டுக்குப் போயிற்று. பூட்டிய வீட்டில் ஒட்டினார்கள், அவர் வாங்காத பேப்பரில் விளம்பரம் போட்டார்கள், தீர்ப்பும் ஆயிற்று. அவருக்கு விஷயம் தெரிந்தது, சம்பளத்தைப் பிடித்தம் செய்யச் சொல்லி அலுவலகத்துக்குக் கடிதம் வந்தபோது. இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் ஒருதலைப்பட்சத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கும் மனு இருக்கிறது. சம்மன் முறையாகச் சார்வு ஆகவில்லை என்றால், தீர்ப்பு பற்றித் தெரிந்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் போட வேண்டும். சித்தப்பா இருபத்தெட்டாம் நாள் போட்டார். கிடைத்தது.

அதே மனுவைத்தான் முந்திரிக்காரரும் போட்டார்.

அவர் எதிர்பார்த்தபடியே வழக்கு ஒருதலைப்பட்சமாக முடிந்திருந்தது. மூன்று முறை பெயர் கூப்பிட்டார் டவாலி, யாரும் வரவில்லை, அப்பா சாட்சி சொன்னார், தீர்ப்பு. அதை நிறைவேற்ற மனுப் போட்டு, அந்தப் புது மாடி வீட்டின் மேல் கை வைக்கப் போகிறோம் என்று தெரிந்ததும், பதினான்கு மாதமாக ஊரில் இல்லாதவர் மூன்றே நாளில் வக்கீலோடு வந்து நின்றார். தனக்கு எதுவும் தெரியாது என்று பிரமாணப் பத்திரம். அதன் நகல் எங்கள் வக்கீல் கைக்கு வந்தது. நான்காவது பத்தியில் இப்படி இருந்தது: வீட்டிற்கு அமீனா வந்ததைத் தன் மனைவி தன்னிடம் தெரிவிக்கவில்லை. கேட்டில் ஒட்டியதாகச் சொல்லப்படும் அறிவிப்பை விவரம் அறியாத தன் மைனர் மகள் கிழித்துவிட்டதாகப் பிற்பாடு தெரியவந்தது.

வக்கீலுக்கு ஒரே உற்சாகம். காரணம் என் போனில் இருந்தது. பேப்பர் விளம்பரம் கொடுத்த சமயம், அவர் யோசனைப்படி சம்மனைப் படம் எடுத்து, வாய்தா தேதியும் எழுதி, முந்திரிக்காரர் எண்ணுக்கு வாட்ஸ்அப் அனுப்பியிருந்தேன். அன்று இரவே இரண்டு நீல டிக் விழுந்திருந்தது. 2018-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் இப்படி ஒரு நீல டிக்கை நீதிபதி ஏற்றுக்கொண்டிருக்கிறார். கொரோனா சமயத்தில், 2020 ஜூலையில், உச்ச நீதிமன்றமே மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் சம்மன் அனுப்பலாம் என்று உத்தரவு போட்டது. அதே உச்ச நீதிமன்றம், போலீஸ் விசாரணைக்கு அழைக்கும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் சொன்னது. அங்கே வராமல் போனால் கைது வரை போகும் என்பதால் அந்தக் கண்டிப்பு. ஆக நீல டிக்கை எல்லா இடத்திலும் நம்ப முடியாது. ஆனால் எங்களுக்கு அது சம்மனாக வேண்டியதில்லை. வாய்தா தேதி முன்னாலேயே தெரியும், வந்து பதில் சொல்ல நேரமும் இருந்தது என்றால், சார்வில் குறை இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தீர்ப்பை ரத்து செய்யக் கூடாது என்று விதியே சொல்கிறது.

"நீல டிக் ஒண்ணு. அந்தம்மாவைக் கூண்டுல ஏத்தினா ரெண்டு" என்றார் வக்கீல். "வீட்டுக்காரர்கிட்ட சொன்னீங்களா இல்லையான்னு ஒரே கேள்வி. சத்தியம் பண்ணிட்டு எவ்வளவு நேரம் பொய் சொல்லும்? அந்தப் பொண்ணையும் கூப்பிடலாம், இப்ப எட்டாவது படிக்குது இல்ல?"

அப்பா நான்காவது பத்தியை மறுபடியும் படித்தார். பேப்பர் திருத்தும்போது காப்பி அடித்த விடைத்தாளைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"வேணாம் சார்" என்றார். "விட்டுடுங்க. ரத்து ஆகட்டும்."

"சார், இது ஜெயிக்கிற மனு."

"இருக்கட்டும். அவ பத்தாவதுல கணக்குல தொண்ணூத்தாறு வாங்கின பொண்ணு. அவளைக் கூண்டுல நிக்க வச்சு, புருஷன் பொய்யா நீ பொய்யான்னு கேக்கச் சொல்றீங்களா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. பதினான்கு மாத அலைச்சல். பெட்ரோல், பேட்டா, விளம்பரம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பாவோடு சண்டை போட்டேன். அவர் பதில் பேசவில்லை. இன்றைக்கும் அவர் செய்தது சரி என்று என்னால் முழுசாகச் சொல்ல முடியவில்லை, தப்பு என்றும் சொல்ல வரவில்லை.

நாங்கள் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் வக்கீல் சும்மா விடவில்லை, நிபந்தனை கேட்டார். நான்கு வாரத்துக்குள் 1,00,000 ரூபாய் கோர்ட்டில் டெபாசிட், செலவுத் தொகை தனி. கட்டினால் ரத்து, கட்டாவிட்டால் மனு தள்ளுபடி. கடைசி நாள் மதியம் கட்டினார். வக்காலத்து போட்டு ஒருவர் வழக்குக்குள் வந்துவிட்டால் அப்புறம் சம்மன் தேவையில்லை. அதற்குப் பிறகு அமீனாவுக்கும் எங்களுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. எங்காவது பார்த்தால் "சைலன்சர் எப்படி இருக்கு தம்பி?" என்பார்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதிலுரை போட 90 நாள் வரை இழுத்தார். 2024-ல் லோக் அதாலத்தில் உட்கார்ந்தோம். டெபாசிட் போக மீதி 2,50,000 ரூபாய், ஐந்து தவணை. வட்டியை அப்பா விட்டுக்கொடுத்தார். அங்கே சமரசம் ஆனதால் கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பி வந்தது. முதல் நான்கு தவணையை மேஸ்திரி கொண்டுவந்து கொடுத்தார்.

கடைசித் தவணைக்கு அந்த அக்காவே வந்தார். ஒரு மஞ்சள் பையில் பணம், இன்னொரு பையில் அரைக் கிலோ முந்திரிப் பருப்பு. அப்பா பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து ரசீது எழுதினார். ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

வாங்கிப் படித்துவிட்டு, "நான் எங்கயாவது கையெழுத்துப் போடணுமா சார்?" என்று கேட்டார்.

"நீ எதுலயும் போட வேணாம்மா" என்றார் அப்பா. "காபி குடிக்கிறியா?"